முதல் பிடி காக்கைக்கு: வாசகர் கேள்வி – பதில்

சென்ற மாதம் இந்தப் பக்கத்தில் மிளகு ரசம் பற்றி எழுதும்போது, எங்கள் மெஸ்ஸில் சோறு வடித்ததும் முதல் பிடி காக்கைக்குப் போகும் என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். ரசம் பற்றி வந்தவை 4 கடிதங்கள். காக்கை பற்றி வந்தது ஒரு கட்டு. அதனால் இந்த மாதம் முழுக்கக் காக்கைக் கடிதங்களுக்குத்தான்.

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் சாலையில் நானும் என் வீட்டுக்காரரும் 31 வருடம் மெஸ் நடத்தினோம். 8 மேசை, 32 பேர் உட்காரலாம். இப்போது மருமகள் நடத்துகிறாள். மதியம் மட்டும் நான் கல்லாவில் உட்காருகிறேன்.

கேள்வி: எங்கள் தெருமுனை ஹோட்டலில் வாசலில் போட்டிருந்த மேசையில் சாப்பிட உட்கார்ந்தேன். கை கழுவிவிட்டு வருவதற்குள் காக்கை இலையிலிருந்த வடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. சர்வர் பார்த்துச் சிரித்தார். வேறு வடை கேட்டதற்கு, "நீங்கதான் பாத்துக்கணும்" என்றார். நான் கேட்டது தவறா அம்மா?
– வாசகர், கரூர்

பதில்: தவறே இல்லை. வடையோடு இலையையும் மாற்றித் தந்திருக்க வேண்டும். காக்கை சாக்கடையிலும் குப்பையிலும் நின்றுவிட்டு அதே காலோடு இலையில் இறங்குகிறது. அது தொட்டது வடையை மட்டும்தானா, பக்கத்தில் இருந்த கூட்டையும் சேர்த்தா என்று நமக்குத் தெரியாது. காக்கை தொட்டால் இலையோடு எடு, புது இலை போட்டு முதலிலிருந்து பரிமாறு. எங்கள் கடையில் இது சட்டம். அதற்குத் தனிக் காசு கிடையாது.

எங்களுக்கும் வாசலில் 2 மேசை இருந்தது. எதிரே புங்கமரம். ஒரே வாரத்தில் 3 வடை போனபிறகு நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து கவனித்தேன். இலையைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆளிடம் காக்கை வருவதில்லை. ஆள் எழுந்து கை கழுவப் போகும்போதும், செல்போனைப் பார்க்கக் குனியும்போதும் வருகிறது. பரிமாறும் முறையை மாற்றினோம். ஆள் கை கழுவி வந்து உட்காரும்வரை வெறும் இலை, தண்ணீர் தெளித்து வைத்திருக்கும். அப்புறம்தான் பொரியல், வடை எல்லாம். தண்ணீர் டம்ளரைக் கவிழ்த்தே வைப்போம். அதற்குப்பின் ஒரு வடைகூடப் போகவில்லை.

இன்னொரு தடவை இப்படி நடந்தால் சர்வரிடம் வாதாடாமல் நேரே கல்லாவில் சொல்லுங்கள். பாவம், அந்தப் பையனுக்கு இன்னொரு வடை எடுத்துத் தர அதிகாரம் இருக்காது. கல்லாவிலும் கேட்கவில்லை, அதே இலையில்தான் சாப்பிடு என்கிறார்கள் என்றால், சுவரில் மாட்டியிருக்கும் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணைக் குறித்துக்கொண்டு மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். ஆனால் பெரும்பாலான கடைக்காரர்கள் கல்லாவில் மெதுவாகச் சொன்னாலே கேட்டுக்கொள்வார்கள். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள், தெரிந்துதான் சொல்கிறேன்.

கேள்வி: மதுரையில் சின்னதாக டிபன் கடை வைத்திருக்கிறேன். காலையில் 20, 30 காக்கை கூடிவிடுகிறது. சாப்பிட வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள். செத்த காக்கையைக் கட்டித் தொங்கவிடு என்கிறார் ஒருவர், மருந்து வை என்கிறார் இன்னொருவர். என்ன செய்யட்டும் அக்கா?
– வாசகர், மதுரை

பதில்: தம்பி, இரண்டையும் செய்யாதீர்கள். இட்லி சாப்பிட வருகிறவர் தலைக்குமேல் அழுகுகிற உடம்பு தொங்கினால், அவர் முகம் சுளிக்க வேறு காக்கை வேண்டியதில்லை. மருந்து வைத்தால் அதைத் தின்று தெருநாயும் பூனையும் சேர்ந்து சாகும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் எலி, பழந்தின்னி வௌவால் இவற்றோடு காக்கையும் தீங்கு செய்யும் உயிர்களின் பட்டியலில் இருந்தது. 2022இல் கொண்டுவந்த திருத்தத்தில் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டார்கள். சட்டம் இருக்கட்டும், சோறு போடுகிற தொழிலில் இருந்துகொண்டு சோற்றில் விஷம் கலக்க நமக்குக் கை வரக் கூடாது.

உங்கள் கடையைத் தேடிக் காக்கை வரவில்லை, உங்கள் எச்சில் இலையைத் தேடி வருகிறது. நான் இதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் திட்டு வாங்கித்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் கொல்லையில் ஒரு திறந்த சிமெண்டுத் தொட்டி. மதியப் பந்தி முடிய ஏறக்குறைய 200 இலை விழும். காக்கைகள் இலையை இழுத்துக் கிழித்து, கிடைத்ததைத் தூக்கிப்போய்ப் பக்கத்து வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டிமேல் வைத்துச் சாப்பிட்டிருக்கின்றன. காய்ந்த அப்பளம் என்றால் தண்ணீரில் முக்கி ஊறவைத்துத் தின்னும், பார்த்திருப்பீர்கள். ஒருநாள் அந்த வீட்டுப் பெரியவர் முருங்கைக்காய்ச் சக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு கல்லாவுக்கு வந்துவிட்டார். "இது என் குடிதண்ணீர்த் தொட்டியில் கிடந்தது" என்றார். சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லோரும் கையை நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட வெட்கம் இன்னும் நினைவிருக்கிறது.

மறுநாளே தொட்டியை மூடினோம். மூடி போட்ட 2 பெரிய பிளாஸ்டிக் டிரம், மூடிமேல் ஆளுக்கொரு செங்கல். வெறும் மூடியைக் காக்கை ஓரத்தில் கொத்தி நகர்த்திவிடும், செங்கல் முக்கியம். மாடு வைத்திருப்பவர் ஒருவர் சாயங்காலம் ஒரு தடவை வந்து இலை எடுத்துப் போவார். அவரிடம் பேசி 12 மணி, 2 மணி, 4 மணி என்று மூன்று தடவையாக்கினோம். பாத்திரம் கழுவுகிற இடத்தில் சல்லடையில் ஒதுங்கும் பருக்கைதான் அடுத்த விருந்து. அந்த இடத்தைச் சுற்றிக் கம்பி வலை அடித்தோம். நைலான் வலை வேண்டாம் தம்பி, அதில் காக்கையின் காலும் இறக்கையும் சிக்கிக்கொள்ளும். அதை அறுத்து எடுப்பதற்குள் ஊர்க் காக்கையெல்லாம் கூடிவிடும். இவ்வளவையும் செய்து ஒரு மாதத்தில் எங்கள் கொல்லைக்கு வருகிற காக்கை ஆறேழாகக் குறைந்துவிட்டது.

அந்த ஆறேழுக்குத்தான் முதல் பிடி. மாடியின் பின்மூலையில், கைப்பிடிச் சுவரில், 11.15 மணிக்கு. உப்பில்லாத சோறு, கொஞ்சம் பருப்பு, ஒரு சொட்டு நெய். பக்கத்தில் மண்சட்டியில் தண்ணீர். வேறு எங்கும் வேறு எப்போதும் கிடையாது என்று அவற்றுக்குத் தெரிந்துவிட்டது. வாசல் பக்கம் வருவதை விட்டுவிட்டன.

சாப்பிட வருகிறவர்களிடமும் சொல்ல வேண்டியிருக்கும். பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் தினமும் எங்களிடம் சாப்பிடுவார். நல்ல மனிதர், இரக்க குணம். சன்னலோரம் உட்கார்ந்து வடையைப் பிய்த்து வெளியே போடுவார். நாலு நாளில் காக்கை சன்னல் விளிம்பிலேயே உட்கார ஆரம்பித்து, எதிரில் யார் உட்கார்ந்தாலும் உற்றுப் பார்த்தது. ஒரு சின்னப் பெண் பயந்து சாப்பிடாமலே எழுந்துவிட்டாள். நான் அவரிடம், "அந்தத் துண்டை என்னிடம் கொடுங்கள் ஐயா, உங்கள் பேரைச் சொல்லி மாடியில் வைக்கிறேன்" என்றேன். அவர் கொடுக்கவில்லை. தானே மாடி ஏறி வைத்துவிட்டு வந்தார். முழங்கால் வலி வரும்வரை தினமும் ஏறினார்.

கடைசியாக, உங்கள் கடைப் பையன்களைக் கல் எறியவிடாதீர்கள். எங்களிடம் ஒரு சப்ளையர் ஒரே ஒருநாள் கரண்டியை வீசினான், ஒரு காக்கையின் காலில் பட்டது. அவன் தெருவில் இறங்கினாலே பல மாதம் கத்தித் தீர்த்தன. சட்டையை மாற்றினான், தொப்பி போட்டான், பலிக்கவில்லை. அமெரிக்காவில் சியாட்டில் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜான் மார்ஸ்லஃப் என்பவர் 2006இல் இதையே சோதித்துப் பார்த்திருக்கிறார். குகை மனிதன் முகமூடி போட்டுக்கொண்டு 7 காக்கைகளைப் பிடித்து, வளையம் மாட்டி விட்டார்கள். அதன்பின் அந்த முகமூடியை யார் போட்டு நடந்தாலும் காக்கைகள் விரட்டின. வேறு முகமூடியைச் சட்டை செய்யவில்லை. பிடிபடாத காக்கைகளும் சேர்ந்துகொண்டு, வருடக்கணக்கில் விரட்டியிருக்கின்றன. அது அமெரிக்கக் காக்கை, நம் ஊர்க் காக்கை வேறு இனம். ஆனால் எங்கள் சப்ளையரைக் கேட்டால் வித்தியாசம் இல்லை என்றுதான் சொல்வான்.

கேள்வி: மெஸ் வாசல் மரத்தடியில் வண்டியை நிறுத்தினால் சீட் முழுக்க எச்சம். மரத்தை வெட்டச் சொல்லலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: வேண்டாம். ஈரத்துணியை 5 நிமிடம் போட்டு ஊறவைத்துத் துடையுங்கள், காய்ந்ததைச் சுரண்டினால் பெயிண்ட்டில் கீறல் விழும். கடைக்காரரிடம் பழைய சாக்கு இரண்டு கேளுங்கள், சீட்டில் போட்டுக்கொள்ளலாம். மரம் போனால் வெயிலில் சீட் கொதிக்கும்.

கேள்வி: காக்கை கத்தினால் விருந்தாளி வருவார்கள் என்று என் மாமியார் இன்னும் ஒரு ஆழாக்கு அரிசி கூடப் போடுகிறார். இது எப்போது வந்த நம்பிக்கை?
– வாசகி, மன்னார்குடி

பதில்: சங்க காலத்திலேயே இருக்கிறது. குறுந்தொகையில் 210ஆம் பாட்டு. பாடிய அம்மையாருக்குக் காக்கை பாடினியார் நச்செள்ளையார் என்றே பெயர் நிலைத்துவிட்டது. பிரிந்து போன தலைவன் திரும்பி வருகிறான். இவளை நன்றாகப் பார்த்துக்கொண்டாய் என்று தோழியிடம் சொல்கிறான். அதற்குத் தோழி சொல்கிற பதில்தான் பாட்டு. நான் என்ன செய்தேன், விருந்து வரும் என்று கரைந்ததே காக்கை, அதுதான் அவளைத் தேற்றியது. நள்ளி என்ற வள்ளலின் காட்டு இடையர்களுடைய பசுக்கள் தந்த நெய்யைத் தொண்டியில் விளைந்த வெண்ணெல்லின் சுடுசோற்றில் ஊற்றி, ஏழு பாத்திரத்தில் ஏந்திக் கொடுத்தாலும் அந்தக் காக்கைக்கு அது கொஞ்சம்தான் என்கிறாள்.

நான் இதை ஒரு தமிழாசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எங்களிடம் மாதக் கணக்கு வைத்துச் சாப்பிட்டவர். அவர் சொல்லி முடித்ததும் நான் கேட்டது, அப்போதும் சுடுசோறும் நெய்யும்தானா என்றுதான். அதையேதான் நானும் வைத்துக்கொண்டிருந்தேன், யாரும் சொல்லித் தராமல். என் மாமியார் வைத்தார், நான் வைத்தேன், அவ்வளவுதான்.

உங்கள் மாமியார் கூடப் போடுகிற அரிசி வீணாகிறதா? மிஞ்சினால் ராத்திரி தண்ணீர் ஊற்றிவையுங்கள், காலையில் பழையது. ஒரு ஆழாக்குக்காக அவரிடம் எதுவும் சொல்லாதீர்கள்.

கேள்வி: நான் வழக்கமாகச் சாப்பிடும் மெஸ் வாசலில் ஒரு வாரமாகக் காக்கை தலையில் கொத்துகிறது. சனி பிடித்திருக்கிறது, எள் விளக்கு போடு என்கிறார்கள்.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: விளக்குப் போடுவது உங்கள் விருப்பம். ஆனால் முதலில் மேலே பாருங்கள். பக்கத்து மரத்தில் கூடு இருக்கும், அல்லது பறக்கத் தெரியாத குஞ்சு கீழே இறங்கியிருக்கும். வால் குட்டையாக, வாய்க்குள் சிவப்பாக இருந்தால் குஞ்சுதான். அதன் பக்கத்தில் யார் போனாலும் தாயும் தகப்பனும் பின்னாலிருந்து வந்து தலையில் அடிக்கும். குஞ்சு பறக்கப் பழகியதும் நின்றுவிடும். அதுவரை குடை பிடித்துக்கொண்டு போங்கள், அல்லது எதிர்ச்சாரியில் நடங்கள். குஞ்சை வீட்டுக்குத் தூக்கிப் போகாதீர்கள். நடுரோட்டில் கிடந்தால் மட்டும் துணியால் எடுத்து ஒரு கிளையில் வைத்துவிட்டு விலகிவிடுங்கள்.

எங்கள் புங்கமரத்தில் கூடு கட்டியபோது மாடிக் கொடியில் இருந்த கம்பி ஹேங்கர் 5 காணாமல் போனது. பக்கத்தில் வீடு கட்டுகிற இடத்துக் கட்டுக்கம்பியும் அந்தக் கூட்டில் இருந்தது. அந்த வருடம் அதில் வளர்ந்தது காக்கைக் குஞ்சோடு ஒரு குயில் குஞ்சும். குயில் முட்டை காக்கை முட்டைக்கு இரண்டு மூன்று நாள் முன்னாலேயே பொரிந்துவிடும், அதனால் அதுதான் முதலில் வாயைத் திறந்து சாப்பாடு கேட்கும். காக்கை அதற்கும் ஊட்டியது. நான் வைத்த பருப்புச் சோறு அதற்கும் போயிருக்கும்.

கேள்வி: அம்மா, போன தை அமாவாசைக்கு அம்மா மண்டபத்தில் என் தாயாருக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு, படித்துறையில் காக்கைக்குச் சாதம் வைத்தேன். ஒன்றரை மணி நேரம் நின்றேன். ஒரு காக்கையும் தொடவில்லை. அம்மாவின் கடைசி நாட்களில் நான் வெளியூரில் இருந்தேன். அவளுக்கு என்மேல் கோபமா? யாரிடமும் கேட்க முடியாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.
– வாசகர், நாமக்கல்

பதில்: உங்கள் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன் தம்பி. உங்களைப்போல வந்து என் மேசையில் உட்கார்ந்து, சோற்றைப் பிசையாமல் பார்த்துக்கொண்டே இருந்தவர்களை 31 வருடம் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஆடி அமாவாசை, புரட்டாசி மகாளய அமாவாசை, தை அமாவாசை மூன்றுக்கும் இருட்டு பிரியும் முன்பே அம்மா மண்டபத்தில் கூட்டம் வந்துவிடும். கரூர், நாமக்கல், பெரம்பலூர், புதுக்கோட்டை எல்லாப் பக்கத்திலிருந்தும் வருவார்கள். அன்றைக்கு எங்கள் மெஸ்ஸில் வெங்காயம் பூண்டு கிடையாது. வாழைக்காய்ப் பொரியல், பூசணிக்காய்க் கூட்டு, பயத்தம்பருப்புப் பாயசம். முதல் பந்தி 10 மணிக்கே உட்காரும். ஒவ்வொருவரும் காக்கைக்கு என்று ஒரு தொன்னையில் சோறு கேட்பார்கள். நான் காசு வாங்குவதில்லை. ஒரு தை அமாவாசையில் 2 மணிக்குள் 140 தொன்னை கொடுத்தேன், எண்ணி வைத்திருந்தேன். எங்கள் ஒரு கடையில் மட்டும் 140. அந்தச் சாலையில் எத்தனை கடை, ஸ்ரீரங்கத்தில் எத்தனை மாடி, படித்துறையில் எத்தனை பிண்டம்! காவிரிக்கரைக் காக்கைகள் அன்று காலை 9 மணிக்கே வயிறு நிரம்பிவிடும். அதற்குப்பின் சோற்றைக் கொத்தித் தூக்கிப்போய் ஓட்டு இடுக்கில் ஒளித்துவைக்கும். மதியம் ஆனால் அதுவும் செய்யாது, மரத்தில் உட்கார்ந்து இறக்கையைக் கோதிக்கொண்டிருக்கும். நீங்கள் சாதம் வைத்தது எத்தனை மணிக்கு? 11 மணிக்குமேல் என்றால் காரணம் இதுதான்.

இன்னொன்று. காக்கை பழகாத ஆளையும் பழகாத பாத்திரத்தையும் நம்பாது. எங்கள் மாடியில் நான் ஒரு தடவை வாழை இலைக்குப் பதில் எவர்சில்வர் தட்டில் வைத்தேன். தினமும் வருகிற காக்கைகள் மூன்று நாள் சுவரில் உட்கார்ந்து தட்டையே பார்த்தன, தொடவில்லை. தினமும் சோறு போடுகிற என் கைக்கே அப்படி என்றால், அன்றைக்குத்தான் வந்து நின்ற உங்களிடம் எப்படி உடனே வரும்? நீங்கள் பக்கத்திலேயே நின்றிருந்தால் இன்னும் வராது. பதினைந்து அடி தள்ளிப் போய், அதைப் பார்க்காமல் நிற்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் போன முதல் வருடம், திதியன்று நானும் வைத்தேன். 11.15க்கு, அதே மாடியில், அதே மூலையில். அன்றைக்கு வீட்டில் 20 பேர் சொந்தக்காரர்கள், எல்லோரும் மாடியில் ஏறி நின்றுகொண்டார்கள். காக்கை வரவில்லை. என் நாத்தனார் அழ ஆரம்பித்துவிட்டாள். நான் எல்லோரையும் கீழே போகச் சொன்னேன். மருமகள் மட்டும் படிக்கட்டில் மறைந்து நின்றாள். ஐந்து நிமிடத்தில் வந்து சாப்பிட்டதாக அவள்தான் வந்து சொன்னாள். வழக்கமாக வரும் அதே ஆறேழு காக்கைதான்.

உங்கள் அம்மா உங்களுக்கு ஊட்டியவர். கோபம் இருந்தால் உங்களிடம் நேரே காட்டியிருப்பார், சோற்றை வேண்டாம் என்று சொல்லிக் காட்டமாட்டார். இதை ஒரு தாயாகத்தான் சொல்கிறேன்.

நாமக்கல்லில் உங்கள் வீட்டு மாடியில் நாளையிலிருந்து வையுங்கள். அம்மாவுக்குப் பிடித்தது எதுவோ அதிலிருந்து ஒரு கவளம், காரம் மட்டும் வேண்டாம். ஒரே இடம், ஒரே நேரம், வைத்துவிட்டு உள்ளே வந்துவிடுங்கள். பத்துப் பதினைந்து நாள் பொறுங்கள். அடுத்த தடவை இந்தப் பக்கம் வந்தால் மெஸ்ஸுக்கு வாருங்கள். கல்லாவில் நாமக்கல் என்று சொன்னால் போதும்.

கேள்வி: தெருவில் ஒரே நாளில் 3 காக்கை செத்துக் கிடந்தன. சோறு வைப்பதைத் தொடரலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: நிறுத்துங்கள், இப்போதைக்கு. 2021 ஜனவரியில் ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் செத்து விழுந்த காக்கைகளுக்குப் பறவைக் காய்ச்சல் இருந்தது. செத்ததை வெறும் கையால் தொடாதீர்கள், பிள்ளைகளையும் நாயையும் பக்கத்தில் விடாதீர்கள். கால்நடை மருந்தகத்திலும் மாநகராட்சியிலும் சொல்லுங்கள். வைக்கிற இடத்தைச் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். அவர்கள் ஒன்றுமில்லை என்று சொன்னபிறகு மறுபடி ஆரம்பிக்கலாம்.

கேள்வி: உங்கள் மெஸ்ஸில் இப்போதும் முதல் பிடி வைக்கிறீர்களா? கரண்டி பட்ட அந்தக் காக்கை என்ன ஆனது? போன வருடம் நான் அங்கே சாப்பிட்டபோது நொண்டி நொண்டி ஒன்று மாடிச் சுவரில் நடந்தது.
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: நீங்கள் பார்த்தது அது இல்லை. கரண்டி பட்டதற்கு ஒரு வாரத்தில் கால் சரியாகிவிட்டது. அது நடந்தும் பல வருடம் ஆகிறது. இந்த நொண்டிக்கு ஒரு காலில் நூல் சுற்றி விரல் போய்விட்டது, பட்டம் விடுகிற நூல். மற்றவை தின்று முடித்தபிறகுதான் இறங்கும். அதனால் மருமகள் இப்போது இரண்டு இடத்தில் வைக்கிறாள். பெரிய கவளம் மூலையில், சின்னக் கவளம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளே செய்தாள்.

இந்தக் கோடையில் அது ஒரு குஞ்சைக் கூட்டிக்கொண்டு வந்தது. குயிலோ என்று கண்ணாடி போட்டுப் பார்த்தேன். இல்லை, கழுத்தில் சாம்பல் நிறம் தெரிகிறது, காக்கைதான். சோற்றுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, தானாக ஒரு பருக்கை எடுக்காமல், வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கத்துகிறது. நொண்டி ஒவ்வொரு பருக்கையாக எடுத்து ஊட்டுகிறது.